கால் பூவராகனா, இருபது சென்ட்டா? அற்பாயுசு வெள்ளிக் காசுகளில் எதைச் சேர்ப்பது

செட்டிநாட்டுப் பக்கம் காசு சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ராணி ரூபாயிலும் ஜார்ஜ் ரூபாயிலும்தான் கை வைப்பார்கள். பெட்டகத்தில் நாலு கிடக்கும், ஆச்சியிடம் கேட்டால் இன்னும் இரண்டு வரும், மீதியைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிக்கொள்ளலாம். வருஷ வரிசையில் அடுக்கி முடித்த பிறகு ஒரு சலிப்பு வரும். எல்லாம் ஒரே எடை, ஒரே அளவு, தலை மட்டும்தான் மாறுகிறது. அந்தச் சலிப்பில்தான் பலருக்கும் வேறொரு வகைக் காசு மேல் ஆசை பிறக்கிறது: யாரோ யோசித்து, அடித்து, புழக்கத்தில் விட்டு, சரிப்படாமல் சில வருஷத்தில் நிறுத்திவிட்ட மதிப்புகள். கால் பூவராகன், இருபது சென்ட், நாலு ஷில்லிங் மாதிரி.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தேவகோட்டைத் தம்பி ஒருவர் இதைத்தான் கேட்டிருந்தார். "அண்ணே, அமெரிக்காவோட இருபது சென்ட் வெள்ளி ஒண்ணு விலைக்கு வருது. அதே காசுக்கு நம்ம மெட்ராஸ் கால் வராகனும் கிடைக்கும்போல. எதை வாங்க?" தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. கேள்வியையும் கொஞ்சம் அகலமாக்கிக்கொண்டேன். இலங்கையின் ரிக்ஸ் டாலர், இங்கிலாந்தின் டபுள் ஃபுளோரின் இரண்டையும் சேர்த்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. காசில் ஒரே வருஷம் மட்டும் போட்டிருப்பதை வைத்து அது அற்பாயுசுக் காசு என்று முடிவுகட்டக் கூடாது. நாலாம் வில்லியம் தலை போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயில் 1835 என்றுதான் இருக்கும், ஆனால் 1840 வரை அதே வருஷத்தைப் போட்டே அடித்தார்கள். விக்டோரியா ராணியின் 1862 ரூபாய் இன்னும் மோசம். 1874 வரை அந்த வருஷத்தை மாற்றவே இல்லை. கடையில் "ஒரே வருஷம்தான் வந்துச்சு, அபூர்வம்" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே அடுத்த தட்டைப் பாருங்கள். நாம் இங்கே பேசுவது தேதி அபூர்வத்தை அல்ல, மதிப்பே நின்றுபோனதை.

நம்மூர்க் காசிலிருந்து தொடங்கலாம். 1818க்கு முன்னால் சென்னை மாகாணத்தில் கம்பெனியின் கணக்கு ரூபாயில் இல்லை. வராகன், பணம், காசு என்றுதான் கணக்கு. கம்பெனிப் புத்தகத்தில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. வராகன் தங்கம், பணம் பொடி வெள்ளி, காசு செம்பு. இந்தக் கணக்கில், நடுவில் கைக்கு அடக்கமான பெரிய வெள்ளி எதுவும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி 1807 தொடங்கி 1812 வரை வெள்ளியில் அரை பூவராகனும் கால் பூவராகனும் (பூவராகன் என்பதும் வராகனைத்தான்) அடித்தது. கூடவே ஒரு பணம், இரண்டு பணம், ஐந்து பணம் என்று சின்ன வெள்ளிகளும் வந்தன.

ஒரு பக்கம் கோயில் கோபுரம், அதன் இருபுறமும் நட்சத்திரங்கள், சுற்றி ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் மதிப்பு. மறுபக்கம் தாமரையிலிருந்து எழும் விஷ்ணு, சுற்றிப் புள்ளிகள், தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. நான்கு மொழி, ஒரு கோபுரம், ஒரு சாமி, இத்தனையும் இருபத்தேழு மில்லிமீட்டருக்குள். எந்தக் கோயிலின் கோபுரம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அந்தச் சண்டைக்குள் போக வேண்டாம். கால் பூவராகன் சுமார் பத்தரை கிராம், அரை பூவராகன் சுமார் 21 கிராம். வருஷம் எதுவும் பொறிக்கப்படவில்லை.

இந்தக் காசு ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு அதன் அமைப்பிலேயே பதில் இருக்கிறது. தங்க வராகனின் கால் பங்கை வெள்ளியில் கொடுத்தால், தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள விலை நகரும்போதெல்லாம் கணக்கு இடிக்கும். காசு மாற்றித் தரும் சராப்புகளுக்கு அது கொண்டாட்டம், மற்றவர்களுக்குத் திண்டாட்டம். 1818ல் கம்பெனி வெள்ளி ரூபாயையே சென்னை மாகாணத்தின் அடிப்படைக் காசாக்கி, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வைத்தது. அதோடு வராகனின் கதை முடிந்தது. 1835ல் இந்தியா முழுதுக்கும் 180 கிரெய்ன் எடையில் ஒரே ரூபாய் வந்தபோது கோபுரமும் விஷ்ணுவும் பழங்கதை.

சேர்ப்பவருக்கு இதில் உள்ள லாபம், வருஷம் இல்லாமல் இருப்பதுதான். கேட்க வினோதமாக இருக்கும். வருஷம் இருந்தால் வரிசையை நிரப்பி முடித்துவிட்டுக் கை கழுவிவிடுவோம். இங்கே அச்சைத்தான் படிக்க வேண்டும். நட்சத்திர எண்ணிக்கை மாறும், கோபுரத்தின் வடிவு மாறும், எழுத்தின் உருவமும் இடமும் மாறும். சில அரை பூவராகன்களில் அடியில் ஸ்பானிய டாலரின் எழுத்துச் சுவடு தெரியும். பழைய டாலர் மேலேயே புது அச்சைக் குத்தியிருக்கிறார்கள். அப்படி ஒன்று கையில் வந்தால் அதைத் தேய்ந்த காசு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அடியில் தெரிகிற அந்தக் குழப்பம்தான் விலை.

குறைகளும் உண்டு. நிறைய காசுகளில் சராப்பு வைத்த சோதனைக் குத்து இருக்கும். இன்னும் நிறைய காசுகள் கழுத்தில் ஏறி இறங்கியவை: மேலே துளை, அல்லது வளையம் பற்றவைத்து எடுத்த தழும்பு. விஷ்ணு முகம் எப்போதும் முதலில் தேயும். கண் மூக்குத் தெரிகிற கால் பூவராகன் வந்தால் விலை தாவிவிடும். துளை போட்டதற்கும் போடாததற்கும் விலையில் பாதிக்கு மேல் வித்தியாசம் வரலாம், வர வேண்டும். கடைக்காரர் துளையைப் பற்றிப் பேசாமல் "சாமி காசு" என்று பக்தியைத் தூண்டினால், நாமும் சாமி கும்பிட்டுவிட்டுத் துளையைப் பற்றியே பேச வேண்டும்.

அமெரிக்க இருபது சென்ட் இதற்கு நேர் எதிர். அதைப் பற்றித் தெரிய வேண்டியது எல்லாம் ஏற்கெனவே எழுதிவைத்தாயிற்று. அங்கே மேற்குக் கரையில் சில்லறைத் தட்டுப்பாடு. பழைய ஸ்பானியக் கணக்கில் 'பிட்' என்று பன்னிரண்டரை சென்ட்டுக்கு ஒரு பொருளை விற்பார்கள். கால் டாலர் கொடுத்தால் மீதி பன்னிரண்டரை கொடுக்கக் காசு இல்லாமல் பத்து சென்ட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். இரண்டரை சென்ட் போச்சு. இதைச் சரிசெய்ய இருபது சென்ட் வேண்டும் என்று நெவாடா செனட்டர் ஜான் ஜோன்ஸ் மசோதா கொண்டுவந்தார். நெவாடா வெள்ளிச் சுரங்கப் பிரதேசம் என்பதையும் சேர்த்து வாசித்தால் அவருடைய அக்கறை இன்னும் நன்றாகப் புரியும். 1875 மார்ச்சில் சட்டமானது.

கோளாறு உடனே தெரிந்தது. இருபது சென்ட் 22 மில்லிமீட்டர், 5 கிராம். கால் டாலர் 24.3 மில்லிமீட்டர், 6.25 கிராம். இரண்டிலும் அதே உட்கார்ந்த சுதந்திர தேவி, இரண்டிலும் கழுகு. இருபது சென்ட்டின் விளிம்பு வழவழ, கால் டாலரின் விளிம்பு வரிவரி, அவ்வளவுதான் வித்தியாசம். அவசரத்தில் யார் விளிம்பைத் தடவிப் பார்ப்பார்கள்? ஐந்து சென்ட் ஏமாந்தவர்கள் சபித்தார்கள். புழக்கத்துக்கென்று அடித்தது 1875, 1876 இரண்டே வருஷம். 1877, 1878ல் சேர்ப்பவர்களுக்காகச் சில நூறு மெருகுக் காசு மட்டும். 1878 மே மாதம் காங்கிரஸ் அந்த மதிப்பையே ஒழித்தது.

மொத்தம் அடித்ததில் பெரும்பங்கு 1875ல் சான் பிரான்சிஸ்கோவில் வந்த 11,55,000. கழுகுக்குக் கீழே எஸ் என்ற எழுத்து இருக்கும். சந்தையில் சாதாரணமாகக் கிடைப்பது அதுதான், தம்பிக்கு விலைக்கு வந்ததும் அதுவாகத்தான் இருக்கும். கார்சன் சிட்டியில் அதே வருஷம் 1,33,290. அடுத்த வருஷம் அதே கார்சன் சிட்டியில் பத்தாயிரம் அடித்து, வெளியே விடாமலே பெரும்பாலும் உருக்கிவிட்டார்கள். இன்று உலகத்தில் இருப்பது இருபது சொச்சம்கூட இல்லை என்பார்கள். ஏலத்தில் லட்சக்கணக்கான டாலருக்குப் போகிற காசு அது. ஆக முழு வரிசை என்ற கனவை முதல் நாளே விட்டுவிடலாம். 1875ல் ஃபிலடெல்பியா, சான் பிரான்சிஸ்கோ, கார்சன் சிட்டி மூன்று இடத்துக் காசையும் சேர்ப்பது ஒரு நியாயமான இலக்கு. அதற்கு மேல் ஆசைப்பட்டால் வளவு வீட்டின் பர்மாத் தேக்குத் தூணை விற்க வேண்டியிருக்கும்.

இந்தக் காசில் ஒரு நுட்பம் உண்டு. அந்தக் காலத்து மற்ற உட்கார்ந்த தேவிக் காசுகளில் கேடயத்தின் மேல் லிபர்ட்டி என்ற சொல் உள்ளே குழிந்திருக்கும். இருபது சென்ட்டில் அது மேலே புடைத்திருக்கும். அதனால் கொஞ்ச நாள் புழங்கினாலே அந்த எழுத்துதான் முதலில் போகும். மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்து அந்தச் சொல் மட்டும் மழுங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். மாறாக, காசு முழுக்கத் தேய்ந்து அந்தச் சொல் மட்டும் பளிச்சென்று இருந்தால் பயப்பட வேண்டும்.

போலி இதில் ஏராளம். முழுக் காசையே அச்சு எடுத்து வார்ப்பது ஒரு வகை. நல்ல காசில் சின்ன எழுத்தைச் சேர்த்தும் அழித்தும் அபூர்வக் காசாக்குவது இன்னொரு வகை, இது கண்டுபிடிக்கக் கஷ்டம். காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு இந்தக் காசை ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு இருபது சென்ட் கிடைக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ள, கையில் எடுத்துப் பழகிய ஆளும் கிடைப்பது அரிது. ஆகவே பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் தரம் பார்த்துப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துக் கொடுத்ததை மட்டும்தான் வாங்க வேண்டியிருக்கும். பெட்டியின் எண்ணை அவர்கள் இணையதளத்தில் தட்டி, அங்கே படம் இருந்தால் அதனோடு ஒப்பிடுங்கள். பெட்டியையே போலி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இப்படி வாங்கினால் ஏமாற்றம் குறையும். ஆனால் சொந்தக் கண்ணுக்கு வேலை இல்லை. காசை வாங்குகிறோமா, இன்னொருவர் அபிப்பிராயத்தை வாங்குகிறோமா என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

மற்ற இரண்டையும் சீக்கிரம் பார்த்துவிடலாம்.

டபுள் ஃபுளோரின் இங்கிலாந்தின் நாலு ஷில்லிங். 1887 முதல் 1890 வரை நான்கே வருஷம். ஃபுளோரின் என்பது பவுண்டில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டு ஷில்லிங். தசமக் கணக்கு நோக்கிப் போக ஆசைப்பட்டு அதை இரட்டித்தார்கள். 36 மில்லிமீட்டர், 22.6 கிராம், ஸ்டெர்லிங் வெள்ளி. அருகில் ஐந்து ஷில்லிங் கிரவுன், அதுவும் பெரிய வெள்ளிதான், அதிலும் அதே கிழட்டு ராணி. மதிப்போ டபுள் ஃபுளோரினில் எங்கும் எழுதப்படவில்லை. மதுக்கடைப் பெண்கள் கிரவுன் என்று நினைத்து வாங்கி ஒரு ஷில்லிங் இழந்தார்கள் என்று அங்கே ஒரு கதையும், அதை வைத்து ஒரு பட்டப்பெயரும் உண்டு. நான்கு வருஷமும் கிடைக்கும், விலை எட்டாத தூரமில்லை. 1887ல் ஒன்று என்ற எண்ணை இரண்டு விதமாக, சாதாரண ஒன்றாகவும் ரோமன் ஒன்றாகவும் போட்டிருப்பதால் ஐந்து காசில் ஓர் அழகான வரிசை முடிந்துவிடும். முடித்துவிட்டோம் என்ற திருப்தி தேவைப்படுகிற ஆளுக்கு இதைவிட நல்ல தேர்வு கிடையாது. எனக்கு அந்தக் காசு மேல் பெரிய பிரியம் வரவில்லை. அது ரசனை, வாதம் அல்ல.

ரிக்ஸ் டாலர் வேறு மாதிரி. டச்சுக்காரர்கள் இலங்கையில் விட்டுப்போன கணக்கு அது. ஒரு ரிக்ஸ் டாலருக்கு 12 பணம். பிரிட்டிஷார் லண்டனில் அடித்து 1821 என்று வருஷம் போட்டு அனுப்பினார்கள். ஒரு பக்கம் நாலாம் ஜார்ஜ், மறுபக்கம் யானை. சுமார் 9 கிராம். 1825ல் இலங்கை அரசு பிரிட்டிஷ் பவுண்டு, ஷில்லிங் கணக்குக்கு மாறிவிட்டது. கொழும்பில் செட்டியார் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது, கொண்டுவிற்கப் போன குடும்பங்கள் இன்றும் கப்பல் ஏறிய கதை சொல்கின்றன. ஆகவே இந்தக் காசு நம்மூரில் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இங்கே தட்டுகளில் அதிகம் பார்ப்பது இலங்கையின் பிற்காலச் சென்ட் காசுகள்தான். நல்ல ரிக்ஸ் டாலர் பெரும்பாலும் ஏலத்தில்தான் வரும். யானை போட்ட 24, 48, 96 ஸ்டைவர் (அதே டச்சுக் கணக்கின் சின்ன அலகு) வெள்ளிகள் அதற்கு முன்னால், 1803 முதல் சில வருஷம் வந்தன. அவையும் அற்பாயுசுதான், செய்நேர்த்தி குறைவு, அழகு அதிகம். ஒரே ஒரு காசு வாங்கி வைத்துக்கொண்டு யார் வந்தாலும் எடுத்துக் காட்ட வேண்டும் என்றால் ரிக்ஸ் டாலர் யானையை எடுங்கள்.

இப்போது எங்கே வாங்குவது என்பதைப் பார்ப்போம். முடிவைத் தீர்மானிப்பது காசைவிட இதுதான் என்பது என் கட்சி.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பீங்கான், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் சட்டி, பர்மா அரக்குப் பெட்டி, தூண், கதவு எல்லாவற்றுக்கும் நடுவில் காசுத் தட்டு இருக்கும். அதில் முக்கால்வாசி செம்பும் நிக்கலும். வெள்ளி என்று கேட்டால் உள்ளே இருந்து ஒரு சுருக்குப் பை வரும். "இது கானாடுகாத்தான் ஆச்சி வீட்டுப் பெட்டகத்துல இருந்ததுங்க" என்று ஒரு வரலாறும் கூட வரும். அந்த வரலாற்றைத் தராசில் வைக்க முடியாது. வைக்க முடிந்ததை வைப்போம். நூறில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசும், ஒரு வெர்னியர் அளவுகோலும் சட்டைப் பையில் அடங்கும். எடுத்து வைத்தால் கடைக்காரர் கோபிக்க மாட்டார், கோபித்தால் அதுவே ஒரு பதில்.

எடை மட்டும் போதாது, அடர்த்தியும் பார்க்கலாம். தராசின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராமால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி. 5 கிராம் இருபது சென்ட், 90 சதவீத வெள்ளியாக இருந்தால், தண்ணீரில் 0.48 அல்லது 0.49 காட்ட வேண்டும், அடர்த்தி 10.3 பக்கம் வரும். செம்பும் நிக்கலும் கலந்த போலி என்றால் 0.56 காட்டும். பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த காசுக்கு இது நடக்காது. சின்னக் காசில் தராசின் பிழையும் சின்னதல்ல, ஆகவே ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்க்க வேண்டும். காந்தம் வைத்துப் பார்ப்பதையும் விட வேண்டாம். ஒட்டினால் வெள்ளி இல்லை. ஒட்டாவிட்டால் எதுவும் நிச்சயமில்லை.

இதே தட்டில் ராமர் பட்டாபிஷேகம், அனுமார், சிவன் போட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி என்று ஆங்கிலத்தில் எழுதி, 1818 என்றோ 1839 என்றோ வருஷம் போட்ட காசுகள் வரும். அரிசியை இழுக்கும், கோடிக்கு விலை போகும் என்று அதற்கொரு மகாத்மியமும் உண்டு. அது கம்பெனி அடித்த காசே இல்லை, பிற்காலத்தில் செய்த வில்லை. உண்மையில் கம்பெனி சாமி உருவம் போட்டு அடித்த காசு இந்தப் பூவராகன் மாதிரி சிலதுதான் என்று சொல்லிப் பாருங்கள், கடைக்காரரே ஆச்சரியப்படுவார்.

கால் பூவராகனை இங்கே கையில் எடுத்துப் பார்க்க முடிகிறது. புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழங்காசுகளை ஒரு மணி நேரம் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம். அந்த ஊரின் அம்மன் காசையும் அப்படியே பார்த்துவிட்டு வரலாம், அது செம்புதான் என்றாலும். சென்னை, பெங்களூரு, மும்பை ஏலங்களில் பூவராகன் அடிக்கடி வருகிறது; பட்டியல்களின் படங்களைச் சேமித்து வைத்தாலே ஒரு சின்ன அகராதி ஆகிவிடும். இருபது சென்ட்டுக்கும் டபுள் ஃபுளோரினுக்கும் இங்கே இது எதுவும் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் செலவும் சுங்கமும் சேரும். சின்னக் காசுக்கு அது காசின் விலையையே தொட்டுவிடும்.

சரி, தம்பி இருப்பது சிங்கப்பூர். இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. 1972ஆம் வருஷத்துப் பழம்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசும் பழம்பொருள். அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. கால் பூவராகனை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏற முடியாது. இருபது சென்ட்டை இங்கே வரவழைத்தாலும் அதே கதை, உள்ளே வந்த பிறகு அதற்கும் வயது நூறைத் தாண்டியதுதான். ஆகவே அவர் சிங்கப்பூரிலேயே சேர்த்து அங்கேயே வைத்துக்கொள்வதாக இருந்தால் இருபது சென்ட்டைத் தாராளமாக வாங்கலாம்: 1875, எஸ் எழுத்து, தரச்சான்றுப் பெட்டியில், நடுத்தரத் தேய்மானம். ஊரில் அப்பச்சி வீட்டில் வைத்து, விடுமுறைக்கு வரும்போது பார்த்து மகிழ்வதாக இருந்தால் கால் பூவராகன். இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கும் ஆசை மட்டும் வேண்டாம்.

ஊரிலேயே இருப்பவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வேன்: கால் பூவராகன். ஒன்று அல்ல, இரண்டு. ஒரே விலைக்குப் பளபளவென்று ஒரு அரை பூவராகனும், சுமாராகத் தேய்ந்த இரண்டு கால் பூவராகனும் வந்தால் இரண்டாவதை எடுங்கள். இரண்டு காசு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் கோபுரம் வேறு, நட்சத்திரம் வேறு என்று கண்ணுக்குப் படும். ஒன்று மட்டும் இருந்தால் அது வெறும் நினைவுப் பொருள். மூன்றாவதாக இரண்டு பணமோ ஐந்து பணமோ சேர்த்தால் 1818க்கு முந்தைய கணக்கு முழுவதும் மேசை மேல் வந்துவிடும். அரை பூவராகனுக்கு அவசரம் இல்லை. அது பெரிய காசு, ஆகவே கழுத்திலும் சாமி அறையிலும் அதிகம் பாடுபட்ட காசு. நல்லது வரும்வரை பொறுக்கலாம்.

பளபள என்று சொன்னேன், அதை விட்டுவிட முடியாது. நம் வீடுகளில் வெள்ளி என்றால் விளக்க வேண்டும். புளி, திருநீறு, இப்போது பற்பசை. குத்துவிளக்குக்குச் சரி. காசில் இருநூறு வருஷமாகப் படிந்த கருமை அப்படியே இருந்தால்தான் மதிப்பு. தேய்த்து வெளுத்த காசை ஏலக்காரர் ஒரு பார்வையில் கண்டுகொள்வார். வாங்கும்போதும் அதே கண்ணோடு பாருங்கள்: எழுத்தின் ஓரத்தில் கருமை இல்லாமல் சீராக வெள்ளையாக இருந்தால் யாரோ சமீபத்தில் விளக்கியிருக்கிறார்கள். தரச்சான்று நிறுவனங்களும் விளக்கிய காசுக்குத் தரம் போடாமல் விளக்கியது என்றே எழுதிக் கொடுத்துவிடும்.

வீடு இடிக்கும்போது தரைக்கடியில் கலயம் கிடைத்தது என்று யாராவது காசு கொண்டுவந்தால் விலை பேசவே பேசாதீர்கள். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த புதையலை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது, அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பெட்டகத்திலிருந்து வந்தது வேறு, மண்ணிலிருந்து வந்தது வேறு. வாங்கும் ஒவ்வொரு காசுக்கும் எடை எழுதிய ரசீது வாங்கிக்கொள்வது நல்லது. தெருக் கடையிலும் கேட்டால் எழுதித் தருவார்கள்.

வைப்பதைப் பற்றி ஒன்று. கடைகளில் விற்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் ஆல்பத்தில் வெள்ளியை வைக்காதீர்கள். நம்மூர் வெயிலில் அந்தப் பிளாஸ்டிக் இளகி, ஒரு வருஷத்தில் காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். ரப்பர் பேண்டும் ஆகாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். அமிலம் இல்லாத தாள் உறை அல்லது மைலார் உறை, ஒவ்வொரு காசுக்கும் தனி, உறையின் மேல் எடையும் வாங்கிய தேதியும் விலையும் பென்சிலில். கூடவே ஒரு சிலிக்கா பொட்டலம், ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும்.